பழைய தீத்தழும்பில் புதிய புண்

நெல் அவிக்கும் அண்டா, வெல்லப்பாகு கொதிக்கும் கொப்பரை, சாயம் காய்ச்சும் தொட்டி ஆகியவற்றின் அருகே உழைப்பவர் நம் அங்கத்தினர். ஆதலின் தீத்தழும்பு உடையவர் நம்மிடையே பலர். ஆறிப்போன தழும்பைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. ஆனால், அதே இடத்தில் பல்லாண்டுகளுக்குப் பின் புதிதாய்ப் புண் தோன்றினால் அதனை அலட்சியம் செய்யலாகாது. அதன் காரணத்தை இங்கு விளக்குகிறோம்.

தழும்புத் தோல் இயற்கைத் தோலைப் போன்றதன்று. ஆழமாக வெந்த இடத்தில் வியர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் அழிந்துவிடுகின்றன. இரத்த ஓட்டமும் குறைவு. அதனால் அத்தோல் உலர்ந்து, அரித்து, எளிதில் வெடிக்கிறது. முழங்கால் மடிப்பில் தழும்புடைய நெசவாளர் குழித்தறியில் மிதியை மிதிக்குந்தோறும் அவ்விடம் இழுபடுகிறது. வெடிப்பதும், ஆறுவதும், மறுபடி வெடிப்பதுமாக ஆண்டுகள் கழிகின்றன. இவ்வாறு ஓயாது புண்படும் தழும்பில் சிலருக்குப் புற்றுநோய் உண்டாகிறது.

தழும்பில் தோன்றும் புண்களைப் பற்றிப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் 1828-ஆம் ஆண்டில் எழுதினார். அவர் பெயராலேயே இது ‘மார்ஜோலின் புண்’ எனப்படுகிறது. தீப்பட்டதற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் 30 ஆண்டுகளளவு கழிகின்றன. குழந்தைப் பருவத்தில் வெந்த கால் நடுவயதில் நோயுறலாம். தழும்புடையோரில் மிகச் சிலருக்கே இது வருவதால் அஞ்சவேண்டியதில்லை. கவனம் மட்டும் வேண்டும்.

மூன்று நான்கு வாரமாகியும் ஆறாத புண், தடித்து மேலெழும்பும் ஓரம், துர்நாற்றம், இரத்தக் கசிவு, புதிய வலி ஆகியவை அறிகுறிகள். இவற்றுள் ஒன்று காணினும் பச்சிலையும் களிம்பும் தடவிக் காலங்கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்க. புண்ணின் ஓரத்தில் சிறு சதை எடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். தொடக்கத்திலேயே கண்டால், நோயுற்ற பகுதியைச் சுற்றிலும் சற்று அகலமாக வெட்டியெடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டிக் குணப்படுத்தலாம். தாமதித்தால் நோய் அரையிலும் அக்குளிலுமுள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவும். காலையே இழக்கவும் நேரலாம்.

தழும்பில் நாள்தோறும் எண்ணெய் பூசி உலராமல் காப்பதும், வெயில் படாமல் துணியால் மூடுவதும் நன்று. புதிதாக ஆழத் தீப்பட்டவர் புண் தானே ஆறட்டும் என்றிராமல், உரிய காலத்தில் தோல் ஒட்டுச் சிகிச்சை பெறுவது பிற்காலத் தொல்லையைக் குறைக்கும்.

ஒரு நாள் கூலி போய்விடுமே என்று மருத்துவரிடம் போகாதிருப்பவர் நம்மில் உண்டு. தறி மிதிக்கவும் ஏர் பின்னே நடக்கவும் வேண்டிய கால் அந்த ஒரு நாள் கூலியினும் பெரிதன்றோ?