கிளிக்கு உறைக்காத காரம்

மொட்டை மாடித் தொட்டியில் மிளகாய் பழுத்த சேதி வீட்டுக்காரருக்கு முன்பே கொண்டைக்குருவிக்குத் தெரிந்துவிடும். காந்தாரி மிளகாய் என்றால் கேட்கவே வேண்டாம். வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தப் பொடிப் பழங்களை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுப் பறந்துவிடும். கூண்டுக்கிளி மிளகாய்ப்பழத்தைக் காலில் பிடித்துக் கொறிப்பதையும் பார்த்திருப்போம். கண்ணில் நீர் வராது, மூக்கு ஒழுகாது. பறவைக்கு அது சும்மா ஒரு சிவப்புப் பழம்.

மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற வேதிப்பொருளிலிருந்து வருகிறது. நம் நாக்கிலும் தோலிலும் உள்ள நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்றொரு புரதம் இருக்கிறது. சூடு ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கேப்சைசின் வந்து ஒட்டிக்கொண்டால், சூடே இல்லாமல் அதே சேதியை அனுப்பிவிடுகிறது. நாக்கு வேகவில்லை, வெந்துவிட்டதாக மூளை நம்புகிறது, அவ்வளவுதான். இதை 1997இல் கண்டறிந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் ஜூலியஸ். 2021இல் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பாதி கிடைத்தது. பறவைகளுக்கும் இதே புரதம் உண்டு, சூட்டையும் அது உணரும். ஆனால் அதன் அமைப்பில் உள்ள சிறு வித்தியாசத்தால் கேப்சைசினை அது சட்டை செய்வதில்லை.

இந்த ஓரவஞ்சனை எதற்கு? அமெரிக்காவின் அரிசோனாவில் விளையும் காட்டு மிளகாயை வைத்து ஜோஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நபனும் செய்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. காரமில்லாத மிளகாயை எலிகளுக்குக் கொடுத்தால் தின்றன. ஆனால் அவற்றின் வயிற்றைக் கடந்து வந்த விதை எதுவும் முளைக்கவில்லை. பல்லால் அரைத்துவிட்டால் விதை ஏது? பறவைக்குப் பல் இல்லை. அது விழுங்கிய விதை முழுசாக வெளியே வந்தது, முளைக்கவும் செய்தது. ஆக, விதையை நாசம் செய்பவரை விரட்டி, சுமந்து செல்பவரை மட்டும் பந்திக்கு அழைக்கிறது செடி. ஆப்பிரிக்காவில் யானைகளை வயலுக்குள் விடாமலிருக்க விவசாயிகள் மிளகாய் பூசிய கயிற்றைக் கட்டுவதும் இதே சூட்சுமத்தை நம்பித்தான்.

கதை இதோடு முடியவில்லை. பொலிவியாவின் காடுகளில் ஒரே இனக் காட்டு மிளகாயில் உறைக்கும் செடியும் உறைக்காத செடியும் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே ஊசி வாய்ப் பூச்சிகள் பழத்தில் துளை போடும். அந்தத் துளை வழியே பூஞ்சை நுழைந்து விதைகளைக் கொல்லும். பூச்சித் துளை அதிகமுள்ள பகுதிகளில் காரச் செடிகளும் அதிகம் என்று 2008இல் டியூக்ஸ்பரியின் குழு காட்டியது. கேப்சைசின் அந்தப் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. அப்படியானால் எல்லாச் செடியுமே காரமாக இருந்துவிடலாமே? காரத்துக்கு விலை உண்டு. தண்ணீர் குறைந்தால் காரச் செடி தன் காரமில்லாத உறவுகளைவிடக் குறைவாகவே விதை பிடிக்கிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ள இடத்தில் காரம் லாபம், வறண்ட இடத்தில் நஷ்டம்.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். காரம் விதையில் இருக்கிறது என்று நம்பி விதையைத் தட்டிக் கொட்டுகிறவர்கள் ஏராளம். உண்மையில் அது உருவாவது காய்க்குள் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில். விதையில் இருப்பது அங்கிருந்து பட்ட காரம் மட்டும். பூத்து மூன்று வாரம்வரை காய் சாதுவாகவே இருக்கும். அதன் பிறகுதான் காரம் ஏறத் தொடங்கும். பஜ்ஜிக்குப் பிஞ்சாகப் பறிப்பதும், குழம்புக்கு முற்றவிட்டுப் பறிப்பதும் சரியான கணக்குதான்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. வீட்டில் இருக்கும் நல்ல வற்றலை உடைத்தாலே விதை கிடைக்கும். இளஞ்சூட்டில் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். ஐந்தாறு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி ஓரடித் தொட்டியில் நட்டு, நல்ல வெயிலில் வைக்கலாம். அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

சிக்கல் சித்திரையில் வரும். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் செத்துப்போகும். பூ காய் பிடிக்காமல் உதிரும். இதைச் சத்துக் குறைவென்று எண்ணி உரத்தை அள்ளிப் போடுகிறார்கள். தழைச்சத்து ஏறி இலை மட்டும் தளதளவென்று வளரும், பூ வராது. அந்த மாதங்களில் தேவை உரமல்ல, நண்பகலில் கொஞ்சம் நிழல்வலை. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கக்கூடியது. காற்றில்லாத பால்கனியாக இருந்தால் காலையில் கிளையை லேசாகத் தட்டிவிடுங்கள், போதும்.

இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். விளிம்பு மேல்நோக்கி மடிந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். இரண்டுக்கும் மாலையில் வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். செடியே குறுகி, இலை சிறுத்து, நரம்பு தடித்துப் போனால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். அதற்கு மருந்து இல்லை. பாசம் பார்க்காமல் பிடுங்கிவிடுவது பக்கத்துத் தொட்டிகளுக்கு நல்லது.

இன்னொரு நம்பிக்கையும் சுற்றுகிறது: காந்தாரிக்குப் பக்கத்தில் வைத்தால் குடைமிளகாயும் காரமாகிவிடுமாம். இந்த ஆண்டு ஆகாது. பழத்தின் தோலும் உள்ளேயுள்ள வெள்ளைத் தசையும் தாய்ச்செடியின் உடல். எங்கிருந்து மகரந்தம் வந்தாலும் அவை மாறுவதில்லை. கலப்பு நடப்பது விதைக்குள்தான். அடுத்த தொட்டியில் சம்பா மிளகாய் இருந்து, தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்திருந்தால், அந்த விதையிலிருந்து வளரும் செடியின் குடைமிளகாய் நன்றாகவே உறைக்கும், ஏனென்றால் காரத்தின் மரபணு காரமின்மையை அடக்கிவிடும். விதைக்கென்று காய் விடுவதாக இருந்தால், மொட்டு விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்துக் காம்பில் ஒரு நூல் முடிந்து வைத்துவிடுங்கள்.