கறள் உள்ளிருந்தே அரிக்கும்

பழைய லாண்ட் றோவரின் வெளித்தகடு அலுமினியக் கலவையாலானது. 1948இல் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததால் அவ்வாறு செய்தனர். தகட்டில் கறள் பிடிக்காது என்று நம்பிப் பலர் அடிப்பாகத்தை மறந்துவிடுகின்றனர். அடிச்சட்டமோ உருக்கு. அதன் உட்குழியில் புகும் புழுதி, மாரியில் சேறாகி ஈரத்தைத் தேக்கிவைக்கும். கறள் உள்ளிருந்தே அரிக்கும்.

ஆகவே சட்டத்தின் நீர்வடி துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். கடற்கரைப் பாதையில் ஓடிய அன்றே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள்.

ஓடும் வாகனத்தின் பின்னே காற்றழுத்தம் குறைவதால், பின்கதவு இடுக்கு வழியே புழுதி உள்ளே இழுபடும். தேய்ந்த கதவு றப்பரை மாற்றுங்கள். பின் யன்னல்களை மூடி, முன்கண்ணாடியின் கீழுள்ள காற்றுவாய்களைத் திறந்து ஓட்டுங்கள்.

உட்கிராமத்துக் கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல அந்த ஒரு வாகனமே இருக்குமாயின், இது சிறிய வேலையன்று.