சித்திரக்கதைச் சிற்பிகள் – 7: பெற்ற பிள்ளையை விட்டுப் போனவர்

1946 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை. பனி பெய்யும் விமான நிலையத்தில் டெர்ரி என்ற இளைஞன் தன் காதலியிடம் விடைபெறுகிறான். அன்று உண்மையில் விடைபெற்றவர், அந்தப் பக்கத்தை எழுதி வரைந்த மில்டன் கனிஃப். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் வளர்த்த ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ மறுநாளும் வழக்கம்போல நாளிதழ்களில் வந்தது. வரைந்த கை மட்டும் ஜார்ஜ் வுண்டருடையது. 1973 வரை அந்தத் தொடர் ஓடியது. புகழின் உச்சியில் இருந்தவர் அதை ஏன் விட்டுப் போனார்?

போன வாரம் பார்த்த ஹால் ஃபாஸ்டர், பேச்சுக் குமிழியே இல்லாமல் படத்தின் ஓரத்தில் கதை எழுதியவர். கனிஃப் அவருக்கு நேர் எதிர். இவருடைய பாத்திரங்கள் ஓயாமல் பேசுவார்கள். அதற்குக் காரணம் உண்டு: ஒஹையோ மாநிலத்தின் ஹில்ஸ்பரோ ஊரில் 1907-ல் பிறந்த கனிஃபுக்கு முதலில் நாடகத்தின் மீதுதான் மோகம். கொலம்பஸ் டிஸ்பாட்ச் நாளிதழின் மூத்த கார்ட்டூனிஸ்ட் பில்லி அயர்லாந்து, “நடிப்பு சோறு போடாது, மைப்புட்டியை விடாதே” என்ற பொருளில் புத்தி சொல்ல, பையன் படம் வரைவதிலேயே நிலைத்தான். நாடக ஆசை மட்டும் வசனங்களில் தங்கிவிட்டது.

1932-ல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தில் வேலை கிடைத்து நியூயார்க் போனார். அங்கே ‘டிக்கி டேர்’ என்ற சிறுவனின் சாகசத் தொடரை வரைந்தபோது, நண்பர் நோயல் சிக்கிள்ஸுடன் ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்தார். சிக்கிள்ஸ் பேனாவால் மெல்லிய கோடுகளை இழைப்பதைக் குறைத்து, தூரிகையில் கறுப்பு மையை அப்பி, வெளிச்சமும் நிழலும் மோதும்படி வரையத் தொடங்கியிருந்தார். நாளிதழ்த் தாளில் நுணுக்கமான கோடுகள் சிதையும். திட்டுத்திட்டான கறுப்பு சிதையாது. அதோடு வேகமாகவும் வரையலாம். கனிஃப் இதை அப்படியே பிடித்துக்கொண்டார். சிக்கிள்ஸோ சம்பள உயர்வு கேட்டு, கிடைக்காமல், 1936-ல் நாளிதழ்த் தொடர்களையே விட்டு விலகினார். ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ 1952-ல் லைஃப் இதழில் வந்தபோது அதற்குப் படம் போட்டவர் அவர்தான்.

கனிஃபைத் தேடிப் பிடித்தவர் நியூயார்க் டெய்லி நியூஸின் அதிபர் ஜோசப் பாட்டர்சன். சீனக் கடற்கரையில் இன்னும் கொள்ளையர்கள் திரிகிறார்கள், அங்கே நடக்கும் கதை வேண்டும் என்றார். கனிஃப் சீனாவைப் பார்த்ததில்லை. நூலகத்தில் உட்கார்ந்து உடை, படகு, துப்பாக்கி, கட்டடம் எனத் தேடிக் குறிப்பெடுத்தார். 1934 அக்டோபர் 22-ல் தொடர் தொடங்கியது. சிறுவன் டெர்ரி, அவனுடைய காவலன் பாட் ரயன், கொள்ளைக்காரத் தலைவி டிராகன் லேடி. வில்லியாக வந்த அந்தப் பெண் வாசகர்களைக் கட்டிப்போட்டாள்.

வாரத்தில் ஆறு நாள் நான்கு கட்டங்கள், ஞாயிறன்று வண்ணத்தில் முழுப்பக்கம். முதல் கட்டம் நேற்று விட்டவருக்குக் கதையை நினைவூட்ட வேண்டும். கடைசிக் கட்டம் நாளைய இதழை வாங்க வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஞாயிறு கதை தனி, தினக் கதை தனி. 1936-ல் இரண்டும் ஒன்றாயின. ஞாயிறு இதழ் மட்டும் வாங்குகிறவருக்கும் புரிய வேண்டும், தினமும் படிக்கிறவருக்கும் சலிக்கக் கூடாது. கயிற்றின் மேல் நடப்பது போன்ற இந்த வித்தையை அவர் பத்தாண்டுகள் தவறாமல் செய்தார். நாளைய பத்திரிகையை விற்பதுதான் தன் வேலை என்பதில் அவருக்கு மயக்கமே இருந்ததில்லை.

உலக நடப்பு கதைக்குள் வந்தது. ஜப்பானியப் படைகள் சீனாவுக்குள் புகுந்தபோது, நாட்டின் பெயரைச் சொல்லாமல் ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்றே எழுதினார். 1941 அக்டோபரில் ரேவன் ஷெர்மன் என்ற நாயகியைச் சாகடித்தார். வாசகர்களிடமிருந்து துக்கக் கடிதங்கள் குவிந்தன. அமெரிக்கா போரில் இறங்கிய பின் டெர்ரி விமானியானான். 1943 அக்டோபர் 17-ன் ஞாயிறு பக்கம் முழுக்க ஓர் அதிகாரி இளம் விமானிக்குச் சொல்லும் அறிவுரைதான். அது அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டிலும் ஏறியது.

காலில் இருந்த ரத்தக்குழாய்க் கோளாறால் கனிஃப் படையில் சேர முடியவில்லை. அதற்கு ஈடாக ராணுவ முகாம் இதழ்களுக்கு ஒரு பைசா வாங்காமல் தனித் தொடர் வரைந்தார். டெர்ரி கதையில் வரும் பர்மா என்ற பெண்தான் அதன் நாயகி. பணம் கொடுத்து டெர்ரியை வாங்கிய ஒரு நாளிதழ் இதை ஆட்சேபித்தது. பர்மாவை எடுத்துவிட்டு ‘மிஸ் லேஸ்’ என்ற புதிய பெண்ணைப் படைக்க வேண்டியதாயிற்று. தான் படைத்தவளைச் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கொடுக்கக்கூட அவருக்கு உரிமை இல்லை.

டெர்ரியின் முழு உரிமையும், தொடரை நாளிதழ்களுக்கு விற்கும் நிறுவனமான சிண்டிகேட்டுக்கு. அன்றைய வழக்கமே அதுதான். சூப்பர்மேனைப் படைத்த இரண்டு இளைஞர்கள் 1938-ல் 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, 1947-ல் நீதிமன்றப் படி ஏறினார்கள். கனிஃப் வழக்குப் போடவில்லை. சிகாகோ சன் இதழின் அதிபர் மார்ஷல் ஃபீல்ட், புதிய தொடரின் உரிமையையும் அவருக்கே தருவதாக அழைத்தபோது ஒப்புக்கொண்டார். ஆனால் பழைய ஒப்பந்தம் 1946 முடிய இருந்தது. தனக்குச் சொந்தமில்லாத, விட்டுப் போகப்போகும் தொடரை, அதுவரை தரம் குறையாமல் வரைந்து கொடுத்தார்.

1947 ஜனவரி 13-ல் ‘ஸ்டீவ் கேன்யன்’ தொடங்கியது. அதே தேதியிட்ட டைம் இதழின் அட்டையில் கனிஃப். ஒரு படத்தைக்கூடப் பார்க்காமல் பல பத்திரிகைகள் முன்கூட்டியே தொடரை வாங்கியிருந்தன. முதல் ஞாயிறு பக்கத்தில் நாயகன் நடந்து வருகிறான், ஆட்கள் வணக்கம் சொல்கிறார்கள், அவன் முகத்தை மட்டும் நெடுநேரம் காட்டுவதில்லை. நம் சினிமாக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கேன்யன் விமானப்படைக்குத் திரும்பியவன். வியட்நாம் போர்க்காலத்தில் அதுவே பாரமானது. போரை வெறுத்த வாசகர்கள் விலகினார்கள், பத்திரிகைகள் தொடரை நிறுத்தின. நாளிதழ்களில் கட்டங்களின் அளவும் சுருங்கிப்போனது. இருந்தும் 1988 ஏப்ரல் 3-ல் இறக்கும்வரை கனிஃப் தொடரை விடவில்லை. அந்த ஜூன் மாதம், சக கார்ட்டூனிஸ்ட்கள் 78 பேரின் கையெழுத்தோடு ஸ்டீவ் கேன்யன் நிறைவுற்றது. வேறு யாரிடமும் அதை ஒப்படைக்கவில்லை.

குறையும் உண்டு. டெர்ரியில் வரும் சீன வேலைக்காரன் கானியைத் துருத்திய பல்லும் கொச்சை ஆங்கிலமுமாகச் சிரிப்புப் பொருளாக்கியதை இன்று ரசிக்க முடியாது. கதையாகப் பார்த்தால் கேன்யனைவிட டெர்ரிதான் மேல். ஆனால் டெர்ரிக்குப் பிறகும் அவர் நாற்பது ஆண்டுகள் வரைந்தது தன் சொந்தச் சரக்கை. படைத்தவனுக்கே படைப்பு என்று இன்று கேட்கும் ஒவ்வொரு காமிக்ஸ் ஓவியரும், அதைச் செய்து காட்டிய இந்த மனிதருக்குக் கடன்பட்டவரே.

அடுத்த வாரம்: முத்து காமிக்ஸ் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான ரிப் கிர்பியைத் தந்த அலெக்ஸ் ரேமண்ட்.