நிலம் இல்லை; 'விவசாயி' பணம் மட்டும் வந்தது! பட்டியலை ஊர் பார்த்து இருந்தால்...?

கால் ஏக்கர் நிலம் கிடையாது. ஏர் பிடித்ததும் இல்லை. ஆனால் பேங்க் கணக்கில் விவசாயி உதவிப் பணம் விழுந்துவிட்டது! 2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கு நேரத்தில் தமிழ்நாட்டில் நடந்த கூத்து இது.

மத்திய அரசின் பி.எம்.கிசான் திட்டம் 2019-ல் தொடங்கியது. விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6 ஆயிரம் ரூபாய், 3 தவணையாக. சொந்தப் பெயரில் சாகுபடி நிலம் இருக்கவேண்டும். வருமான வரி கட்டுகிறவர், டாக்டர், வக்கீல், என்ஜினீயருக்குக் கிடையாது. குத்தகைக்கு உழுகிறவருக்கும் கிடையாது. வெயிலில் காய்வது அவர்தான் என்றாலும்!

கைமாறிய பாஸ்வேர்டு

மனுவை சரிபார்த்து அனுமதிக்க வேளாண்மைத் துறை ஊழியர்களிடம் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு இருந்தது. அது புரோக்கர்கள் கைக்குப் போய்விட்டது. ஆதார் கார்டும் பாஸ்புக்கும் கொடுத்தால் போதும், ஆள் 'விவசாயி' ஆகிவிடுவார். கொரோனா நிவாரணம் என்று நம்பிக் கொடுத்த அப்பாவிகளும் உண்டு.

ஆகஸ்டு மாதம் எண்ணிக்கை திடீர் என்று ஏறியதும்தான் அதிகாரிகள் விழித்தார்கள். செப்டம்பரில் அப்போதைய வேளாண்மைத் துறை செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்கை வெளியிட்டார். தகுதி இல்லாதவர்கள் சுமார் 5½ லட்சம் பேர். போன பணம் 110 கோடி. அதுவரை மீட்டது 32 கோடி. 18 பேர் கைது. 80 பேர் டிஸ்மிஸ். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் சி.பி.சி.ஐ.டி. போலீசார் துருவினார்கள்.

5½ லட்சம் பெயர் ஏறும்வரை ஒரு ஊரும் கேட்கவில்லையா?

டீக்கடையில் தெரிந்து இருக்கும்

பட்டியலை கிராமத்தில் வெளியிடவேண்டும் என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவும், மானியம் வாங்குவோர் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. இணையதளத்தில் ஊர் வாரியாகப் பார்க்க வசதியும் உண்டு. களத்துமேட்டில் நிற்கிறவர் கம்ப்யூட்டரைத் தட்டியா பார்ப்பார்?

யாருக்கு எத்தனை ஏக்கர் என்பது டீக்கடை பெஞ்சுக்கே அத்துப்படி. பட்டியலை அங்கே ஒட்டி இருந்தால், "இவனுக்கு ஏதுய்யா நிலம்?" என்ற ஒரே கேள்வியில் குட்டு உடைந்து இருக்கும்.

கேட்க வாய்ப்பும் இல்லை. அந்த ஆண்டு மே தினத்திலும் சுதந்திர தினத்திலும் கிராமசபை கூடவில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களில் தேர்ந்து எடுத்த ஊராட்சித் தலைவர்களே அப்போது கிடையாது. தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில்தான்!

நாடு முழுவதும் 1,364 கோடி

இது தமிழ்நாட்டுக் கதை மட்டும் அல்ல. 2020 ஜூலை வரை நாடு முழுவதும் தகுதி இல்லாத 20 லட்சத்து 48 ஆயிரம் பேருக்கு 1,364 கோடி போய் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள்! பஞ்சாப்தான் முதல் இடம். தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதிலில்தான், 2021 தொடக்கத்தில், இது அம்பலம் ஆனது.

2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் பற்றிய தகவல் உரிமைப் பிரிவை இறுக்கிவிட்டது. மானியப் பட்டியலை வெளியிடச் சொல்லும் 4-வது பிரிவில் கை வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு 6 கிராமசபை என்று அறிவிக்கப்பட்டு இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பட்டியலை வாசிக்கச் சொல்லி அங்கே யாரும் எழுந்து கேட்கலாம்.