கையடக்க இசைப்பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

இசை கேட்பதற்கு இக்காலத்தில் ஒருவர் அரங்கிற்குச் செல்ல வேண்டுவதில்லை. வீட்டில் அமர்ந்திருக்கவும் வேண்டுவதில்லை. பெருந்துறையிலிருந்து ஈரோட்டிற்கும் கோவைக்கும் நாள்தோறும் பேருந்திற் சென்று பயிலும் மாணாக்கருள் காதில் இயர்போன் செருகாதாரைக் காண்பது அரிது. அவருட் பெரும்பாலோர்க்குக் கைப்பேசியே இசைப்பெட்டி. எனினும், ஒலியின் நயத்தை விரும்பும் சிலர் இசைக்கென்றே அமைந்த தனிக்கருவி ஒன்றை வாங்க விழைகின்றனர். கடையில் வினவினால் 2,000 ரூபாய்க்கும் ஒன்று கிடைக்கும். ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேலும் ஒன்று கிடைக்கும். விலை ஐம்பது மடங்கு ஏறினால் ஒலியும் ஐம்பது மடங்கு நன்றாகுமோ? ஆகாது என்பதே எம் துணிபு. ஒலியின் தரம் பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே தீர்மானிக்கப்படுகின்றது; பதிவிலும், காதிற் செருகும் கருவியிலும், கேட்கும் இடத்திலும் அது தங்கியிருக்கின்றது. பெட்டி செய்ய வேண்டுவது ஒன்றே: வந்ததைக் கெடாமற் கொடுத்தல். இதனைச் சிறிது விரித்துரைப்பாம்.

கையிற் கொண்டு செல்லும் இசைக்கருவி நம் நாட்டிற்குப் புதியதன்று. பெட்டிபோல் மூடித் தூக்கிச் செல்லத்தக்க கிராமபோன், மின்சாரம் எட்டாத ஊர்களிலும் சாவி முறுக்கினாற் பாடியது. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அவ்வரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேல் ஓடும். பிறகு தட்டைத் திருப்ப வேண்டும், ஊசியை மாற்ற வேண்டும். காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரல் நாடகக் கொட்டகைக்கு வெளியே கொங்கு நாட்டு வீடுகளுக்குட் புகுந்தது அத்தகைய தட்டுகளின் வழியேயாம். பின்னர், 1979 இல் ஜப்பானிய சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்தது. 1982 இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. 2001 இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் தோன்றி, 2022 இல் அதன் உற்பத்தி நின்றது. இவற்றிடையே நம் நாட்டிற்கே உரிய ஒன்றும் உண்டு. முன்னாளில் எச்.எம்.வி. தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியே இன்று சரிகம எனப் பெயர் பெற்று நிற்கின்றது. அந்நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் கார்வான் என்னும் பெட்டியை வெளியிட்டது. தமிழ்க் கார்வானில் 5,000 பழம்பாடல்கள் முன்னரே நிரப்பப்பட்டுள்ளன. ஒலிநுட்பம் நோக்கி அதனை வாங்குவார் சிலரே. திருகியைத் திருகினாற் பாடும் எளிமைக்காகப் பாட்டன் பாட்டியர்க்கு வாங்கித் தருவாரே பலர். அந்நோக்கத்திற்கு அது நல்ல கருவி. ஒலித்தரம் வேண்டுவார் தேடுவது வேறு.

இக்காலத்துப் பெட்டியினுள் நிகழ்வன மூன்று. எண்களாகச் சேமித்த இசைக் கோப்பைப் படித்தல் ஒன்று. அவ்வெண்களை மின்னலையாக மாற்றுதல் இரண்டாவது. அம்மின்னலையைப் பெருக்கி இயர்போனுக்கு ஊட்டுதல் மூன்றாவது. எண்ணாக்குதல் என்பது யாது? ஒலியலையின் உயரத்தை ஒரு நொடியிற் பல முறை அளந்து எழுதி வைத்தலே. குறுந்தட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கின்றனர். மனிதச் செவிக்கு எட்டும் மிகவுயர்ந்த அதிர்வு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அதிர்வைப் பிழையின்றி மீட்க அதன் இருமடங்கிற்கு மேலான முறை அளந்தாற் போதும் என்பது கணித உண்மை. ஆதலின் 44,100 என்பது போதியதே. ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிப்பதால், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பேரொலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடைவெளி கிடைக்கின்றது. இவ்விடைவெளி முழுவதையும் பயன்படுத்தும் பதிவுகள் மிகச் சிலவே.

அங்ஙனமாயின், நொடிக்கு 1,92,000 முறை அளந்தது எனப் பெட்டியின் மேல் பொன்னெழுத்திற் பொறித்து விலையேற்றுவது எற்றுக்கு? பதிவு செய்யும் கூடத்தில் அதற்குப் பயனுண்டு. கேட்பவன் செவியில் அதற்குப் பயன் காண்பது அரிது. சுந்தராம்பாளின் பழைய தட்டு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1925 ஆம் ஆண்டிற்கு முன் பாடகர் ஒரு பெருங்குழலின் வாயிற் பாட, அவ்வதிர்வே ஊசியை அசைத்துத் தடம் கீறியது. அதன்பின் மைக்கும் மின்பெருக்கியும் வந்தன; ஒலி விரிந்தது. ஆயினும் 1930 களின் தட்டுகளில் 5,000 அல்லது 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசையின் பகுதி மிகச் சிறிதே. அதற்கு மேலுள்ளது ஊசியின் உராய்வொலி. ஓர் இலட்ச ரூபாய்ப் பெட்டி அத்தட்டிலிருந்து மிகுதியாகக் காட்டுவது அவ்வுராய்வை மட்டுமே. அத்தகைய பாடலுக்கு வேண்டுவது, தேயாத தட்டினின்று கவனமாக எடுக்கப்பெற்ற படி. உராய்வை நீக்குகின்றேம் என்று புகுந்து, குரலின் உயிரையும் சேர்த்து வழித்துவிட்ட படிகள் பல உலவுகின்றன. ஒரே பாடலின் இரு படிகளை ஒப்பிட்டுக் கேட்டார் எவர்க்கும் இது விளங்கும். அவ்வேறுபாட்டை எப்பெட்டியும் ஈடு செய்யாது. புதிய திரைப்பாடல்களிலும் வேறொரு குறை உண்டு. எல்லாம் உரக்கக் கேட்க வேண்டுமென்று மெல்லொலியையும் பேரொலியையும் ஒரே மட்டமாக அழுத்திவிடுகின்றனர். அதுவும் பெட்டியின் பிழையன்று.

கோப்பின் வகையை அறிதல் இதனினும் முக்கியம். பஞ்சைப் பொதியாக அழுத்திக் கட்டினால் இடம் சுருங்கும். கட்டை அவிழ்த்தால் முழுப் பஞ்சும் மீளும். ஃபிளாக் என்னும் முறை அத்தகையது. ஓர் எண்ணும் இழக்கப்படுவதில்லை. எம்பி3 முறையோ, செவி உணராது என்று கருதும் பகுதியைத் தெரிந்தெடுத்துக் கழித்துவிடுகின்றது, கழித்தது மீளாது. நான்கு நிமிடப் பாடல் ஒன்று குறுந்தட்டின் அளவில் 42 மெகாபைட் கொள்ளும்; ஃபிளாக்கில் ஏறத்தாழ 25; நொடிக்கு 320 கிலோபிட் எம்பி3 இல் 10 க்குச் சற்றுக் குறைவு; 128 கிலோபிட்டில் 4 க்கும் குறைவு. 128 இல் தாளத்தின் கணகணப்பும் வயலினின் நுனியொலியும் கலங்குவதைப் பழகிய செவி பிடித்துவிடும். 320 இல் அதனைப் பிடித்தல் பெரும்பாலோர்க்கு இயலாது. 64 ஜிகாபைட் அட்டை ஒன்றில் ஃபிளாக் பாடல்கள் சுமார் 2,500 அடங்குமாதலின், இடத்திற்கு அஞ்சி 128 ஐ நாட வேண்டிய காலம் கழிந்தது. எம்பி3 ஐ ஃபிளாக்காக மாற்றித் தருகின்றேம் என்பாரை நம்பற்க. கழித்ததை அவர் எங்கிருந்து கொணர்வர்?

இனிப் பெருக்கியைப் பற்றிக் கூறுவாம். பெட்டிக்கும் பெட்டிக்கும் மெய்யான வேற்றுமை உண்டெனின், அது பெரும்பாலும் இங்கேயே உண்டு. கோவையின் மோட்டார் பம்புகளைப் பழகியறிந்த நம்மவர்க்கு இஃது எளிதில் விளங்கும். வலிய பம்பாயினும் வெளிக்குழாய் குறுகியதாயின், சிறிது நீர் இழுக்கும்போது அழுத்தம் நிற்கும். மிகுதியாக இழுக்கும்போது அழுத்தம் விழும். பெருக்கியின் உள்தடை அக்குறுகிய குழாயை ஒத்தது. இயர்போனின் தடை எல்லா அதிர்விலும் ஒன்றாயிராது; சிலவற்றில் ஓர் அதிர்வில் 10 ஓமும் மற்றோர் அதிர்வில் 40 ஓமும் ஆகலாம். உள்தடை மிக்க பெட்டியில் அவை மின்னழுத்தத்தை ஏற்றத்தாழ்வாகப் பெற்று இசையின் நிறமே மாறிவிடும். இயர்போன் தடையின் எட்டில் ஒரு பங்கிற்கு மேற்படாமல் உள்தடை இருத்தல் நலம். 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம் அளவு எனக் கொள்க. ஆற்றலையும் நோக்க வேண்டும். 1 வோல்ட் தரும் பெட்டி 32 ஓம் ஹெட்போனுக்கு 31 மில்லிவாட் ஊட்டும். 300 ஓம் உடைய பெரிய ஹெட்போனுக்கு 3 மில்லிவாட்டிற்குச் சற்று மேல் மட்டுமே ஊட்டும். பின்னதை வைத்திருப்பார்க்கே வலிய பெட்டி தேவை. சிறு இயர்போன் அணிவார்க்கு அது வீண் செலவு. மிக நுண்ணிய இயர்போன் அணிவார் வேறொன்றைச் சோதித்தல் வேண்டும்: பாடலை நிறுத்தாமல், அமைதியான இடத்தில், தம்புரா மட்டும் ஒலிக்கும் தொடக்கத்தைக் கேட்க. அடியில் உஸ்ஸென்று ஓர் இரைச்சல் இடைவிடாது கேட்பின், எப்பெயர் பெற்ற நிறுவனத்ததாயினும் அப்பெட்டியை விடுக.

கைப்பேசிகள் பலவற்றில் இப்போது ஹெட்போன் துளை இல்லை. அவற்றில் செருகும் விரலளவான மாற்றி ஒன்று சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றது. நன்கு அமைந்ததாயின் தனிப்பெட்டியின் பணியை அதுவே செய்துவிடும். புளூடூத் வழியாகக் கேட்பின், இசை மீண்டும் ஒருமுறை சுருக்கப்பட்டே பெரும்பாலும் செல்லும். மேலும், எண்ணை அலையாக்கும் வேலையும் பெருக்கும் வேலையும் காதிலுள்ள கருவிக்குள்ளேயே நிகழும். அப்போது விலையுயர்ந்த பெட்டி வெறும் கோப்புப் பேழையே.

கையிற் பத்தாயிரம் ரூபாய் உடைய மாணாக்கன் அதில் ஏழாயிரத்தை ஹெட்போனுக்கு ஒதுக்குவானாக. மின்னலையைக் காற்றின் அசைவாக்கும் அவ்விடத்திலேதான் இசை மிகுதியாகக் கெடுகின்றது. இரு ஹெட்போன்களிடையே உள்ள வேற்றுமையைக் குழந்தையும் கூறும். இரு நல்ல பெட்டிகளிடையே உள்ள வேற்றுமையை வல்லுநரும் தடுமாறியே கூறுவர். காதிற் செருகும் வகையில், உடன் வரும் ரப்பர் முனைகளுள் காதிற்கு இறுகப் பொருந்துவதைத் தேர்தல் இன்றியமையாதது. பொருந்தாவிடின் மிருதங்கத்தின் தொப்பியொலி முழுதும் ஒழுகிப்போகும். அதனைக் கருவியின் குறை என்று கருதிப் புதிது வாங்குவார் உளர்.

கடையில் ஒப்பிடும்போது ஒரு சூழ்ச்சியை அறிந்திருத்தல் நன்று. இரண்டனுள் சற்று உரக்க ஒலிப்பதே நன்றாயிருப்பதாகச் செவி கூறும். ஆதலின் இரண்டன் ஒலியளவையும் ஒன்றாக்கிய பின்னரே ஒப்பிடுக. நண்பர் ஒருவரை அழைத்து, எப்பெட்டி பாடுகின்றது என்பதை மறைத்துப் பத்து முறை மாற்றி இயக்கச் செய்க. ஒன்பது முறையேனும் சரியாகக் கூறினால் வேற்றுமை மெய். வெறுங்குருட்டில் அங்ஙனம் கூற 1,024 இல் 11 பங்கு வாய்ப்பே உண்டு. ஐந்தாறு முறை மட்டும் சரியாயின், விலை குறைந்ததை வாங்கிக்கொண்டு வீடு செல்க.

கேட்கும் இடமே எஞ்சியது. தேசிய நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தினுள் இரைச்சல் 75 டெசிபெல்லை எளிதில் தாண்டும். அதற்கு மேல் இசை கேட்க வேண்டுமாயின் 86 டெசிபெல் அளவிற்கு ஏற்ற நேரும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு, 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் என்பது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்திற்கும் காலம் பாதியாகும். எனவே 86 க்கு வாரம் 10 மணி நேரமே. நாளொன்றுக்கு 2 மணி நேரமாக வாரத்தில் ஆறு நாள் பேருந்திற் செல்பவர் அவ்வரம்பைக் கடந்துவிடுகின்றனர். விசைத்தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளின் நிலை இதனினும் கொடிது. தறிக்கூடத்தின் ஒலியே 90 டெசிபெல்லைக் கடக்கும். 90 டெசிபெல்லுக்கு வரம்பு வாரம் 4 மணி நேரம். அவ்வொலியின் மேல் பாடலை ஏற்றிக் கேட்பவர்க்கு இரு சுமையும் ஒரே செவியில் இறங்குகின்றன. இங்ஙனம் கெடும் செவியில் முதலில் மறைவன 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த அதிர்வுகள். உள்காதில் அழிந்த மயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. இருபது வயதில் இழந்ததை எந்தப் பெட்டியும் நாற்பது வயதில் மீட்டுத் தாராது.

ஆதலின் பேருந்திற் கேட்பவர், புறவொலியைச் சுமார் 20 டெசிபெல் குறைக்கும் வண்ணம் காதை இறுக மூடும் இயர்போனையோ இரைச்சலை எதிரலையால் அழிக்கும் ஹெட்போனையோ வாங்குவாராக. வாங்கிய பின் ஒலியைத் தணித்தும் வைப்பாராக. தறிக்கூடத்தில் இயர்போனுக்கு இடமில்லை. அங்கே வேண்டுவது பஞ்சுருண்டையினும் சிறந்த நுரையடைப்பான், அதன் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலையை ஒத்தது. பாடல் நின்ற பின்னும் காதில் கீச்சென்று ஓரொலி எழுமாயின் அன்று மேலும் கேளாதிருக்க. மறுநாளும் அது நீங்காவிடின், பெருந்துறையிலேயே உள்ள அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவிற் காட்டுக.