ஊறுகாய் ஜாடிக்கு ஒரு விமானப் பயணம்!

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்கும். மேல் பாதி காபி கலர், கீழ்ப் பாதி வெள்ளை. மூடியைத் திறந்தால் முப்பது வருஷத்து ஆவக்காய் வாசனை. பீங்கான் ஊறுகாய் ஜாடி!

எங்கள் வீட்டில் அப்படி இரண்டு இருந்தன. (இறந்த காலத்தைக் கவனிக்கவும்.) பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அம்மாவுக்குக் கல்யாணமாகி திருவள்ளூரிலிருந்து பொன்னேரிக்கு வந்தபோது, வைக்கோல் பிரி சுற்றி, சீர் லாரியில் கூடவே வந்தவை. அந்தக் காலத்து ரோட்டில் லாரி என்ன ஆட்டம் ஆடியிருக்கும்! ஜாடிகளில் ஒரு கீறல் கிடையாது.

அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். “டேய், பாட்டி ஜாடி ரெண்டும் எனக்கு வேணும்டா” என்றாள். முதல் தடவை போனபோது சின்ன ஜாடியை எடுத்துப் போனேன். துண்டில் சுற்றி, சூட்கேஸ் ஓரத்தில் செருகி, செக்-இன் கவுன்ட்டரில் கேட்டு வாங்கி ‘உடையும் பொருள்’ ஸ்டிக்கரும் ஒட்டியாயிற்று.

சிங்கப்பூரில் பெட்டியைத் தூக்கும்போதே ‘கலகல’ என்றது. திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “போகுது விடு. நீ சாப்பிட்டியா?” என்றாள். திட்டியிருந்தால் தேவலை!

ஃபுட்போர்டு ஜாடி

எனக்கு வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். ஊருக்குத் திரும்பியதும் எங்கள் பேக்கிங் செக்‌ஷன் அண்ணனிடம் புலம்பினேன். இருபது வருஷமாகப் பெட்டி கட்டி அனுப்புகிறவர்.

“எங்க வெச்சே?”

“ஓரமாண்ணே. ஸ்டிக்கர் கூட ஒட்டினேன்.”

“இன்னா தம்பி... கன்வேயர் பெல்ட்டுக்குப் படிக்கத் தெரியுமா? சரி, காலைல எந்த வண்டில வர்றே?”

“கும்மிடிப்பூண்டி லோக்கல்.”

“கூட்டத்துல திடீர்னு பிரேக் போட்டா எவனாவது வுழறானா?”

“விழறதுக்கு இடம் ஏதுண்ணே?”

“ராத்திரி காலி வண்டில போட்டா?”

“கம்பியைப் பிடிக்காதவன் விழுவான்.”

“அவ்ளோதான் பேக்கிங்கு! நடுவுல நெருக்கி நிக்கறவனுக்கு அடி கிடையாது. நீ ஜாடிய ஃபுட்போர்டுல தொங்க வுட்டிருக்கே!”

அத்தனை நாள் அந்த ரயிலில் நசுங்கி வந்திருக்கிறேன். அதில் இவ்வளவு விஷயம் இருப்பது தெரியாமல் போயிற்றே!

மூன்று மில்லிமீட்டரும் மூன்று சென்டிமீட்டரும்

கவுன்ட்டரில் நாம் கையசைத்து அனுப்பிய பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது? பெல்ட்டில் ஓடும். சரிவில் வழுக்கி, முன்னால் நிற்கும் பெட்டி மேல் முட்டும். ஸ்கேனரில் நுழையும். டிராலியில் ஏறும். சின்ன விமானம் என்றால் பெரும்பாலும் ஆட்கள் கையால்தான் அடுக்குவார்கள். உங்கள் பெட்டிக்கு மேல் இன்னும் நாலு பெட்டி உட்காரும். யாருக்கும் உங்கள் ஜாடி மேல் கோபம் கிடையாது. அவசரம்தான். ஆகவே, பெட்டி ஒரு தடவையாவது விழும் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும்.

இடுப்பு உயரத்திலிருந்து, அதாவது 90 சென்டிமீட்டரிலிருந்து, பெட்டி விழுகிறது. ஓரத்தில் இருக்கும் ஜாடி 3 மில்லிமீட்டருக்குள் சடாரென்று நின்றுவிட்டால், அதன் எடையைப் போல ஏறக்குறைய 300 மடங்கு விசை அதைத் தாக்கும். 3 கிலோ ஜாடி மேல் 900 கிலோ! அதே ஜாடி துணி மெத்தையில் 3 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், 30 மடங்குதான். 90 கிலோ. அதாவது, ஒரு குண்டு ஆசாமி ஏறி உட்கார்ந்த மாதிரி. ஜாடி பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிவிடும்.

பேக்கிங் என்பதே, விழும் பொருள் நிதானமாக நிற்பதற்கு இடம் வாங்கித் தருவதுதான்.

பபிள் ஷீட் செய்வதும் இதைத்தான். அது பிறந்த கதை தெரியுமோ? 1957-ல் அமெரிக்காவில் ஃபீல்டிங், ஷவான் என்ற இரண்டு பேர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாக அதைச் செய்தார்கள். சுவரில் ஒட்ட யாரும் முன்வரவில்லை. பிறகு ஐ.பி.எம். கம்பெனி தன் கம்ப்யூட்டர்களைச் சுற்றி அனுப்ப வாங்கியது. அப்புறம் காசு மழை!

பழவேற்காட்டுக் கம்பெனி

இதில் நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் பழவேற்காட்டில் 1613-ல் கெல்டிரியா கோட்டை கட்டினார்களே, அந்த டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘கெல்டர்மால்சன்’ என்ற கப்பல் 1752 ஜனவரியில் தென் சீனக் கடலில் மூழ்கியது. அடித்தட்டில் சீனப் பீங்கான், அதன் மேல் தேயிலை. 1985-ல் கண்டுபிடித்து மேலே கொண்டுவந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான பீங்கான்கள் பத்திரமாக இருந்தன. இறுக்கி அடுக்கியதும், மேலே மூடிக்கிடந்த தேயிலையும் காப்பாற்றியிருக்கின்றன. 233 வருஷம் கடலுக்கடியில்! என் ஜாடி நாலு மணி நேரம் தாங்கவில்லை.

இப்படிக் கட்டுங்கள்

அண்ணன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது இது.

ஜாடியின் மூடியைத் தனியாகக் கழற்றிச் சுற்றுங்கள். மூடியோடு கட்டினால் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டே பயணம் செய்யும், புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி. ஜாடிக்குள் பனியன், சாக்ஸ் எதையாவது திணியுங்கள். ஊறுகாயோடு அனுப்ப நினைக்காதீர்கள். எடை கூடினால் அடியும் கூடும்.

வெளியே இரண்டு மூன்று சுற்று பபிள் ஷீட். காது, கைப்பிடி, மூக்கு என்று நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களுக்குத் தனிச் சுற்று. பிறகு ஓர் அட்டைப் பெட்டிக்குள் வைத்து, இடைவெளியில் கசக்கிய நியூஸ் பேப்பர். குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் திணியுங்கள்.

அந்த அட்டைப் பெட்டியை சூட்கேஸின் நட்டநடுவில் வையுங்கள். ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்காவது துணி இருக்கட்டும். கீழ்ப்பக்கம், சக்கரம் இருக்கும் பக்கம் எல்லாம் மறக்க வேண்டாம். ஷூ, இஸ்திரிப் பெட்டி போன்ற முரடர்களை அந்த வீட்டுக்கே சேர்க்காதீர்கள். மூடி சற்று அழுத்தி மூடுகிற மாதிரி இருந்தால் சரி. தொளதொளவென்றிருந்தால் அது ராத்திரி காலி வண்டி!

வைக்கோல் அருமையான மெத்தைதான். ஆனால் பல நாடுகளில் செடி, கொடி, புல் சமாச்சாரங்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் சட்டை, வேட்டியே போதும்.

எண்ணெய், தேன் பாட்டில் இருந்தால் கழுத்து வரை நிரப்பாதீர்கள். மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும். மூடி வழியாகக் கசியும். ஜிப் கவரில் போட்டு, பிறகு சுற்றுங்கள். கொப்பரைத் தேங்காய் கூடவே கூடாது. எண்ணெய்ச் சத்தினால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானச் சட்டத்தில் அதற்குப் பெயர்! பவர் பேங்க்கையும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். ஸ்கேனரில் சந்தேகம் வந்தால் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நீங்கள் பக்குவமாகக் கட்டியது அங்கேயே கலையும்.

எல்லாம் முடிந்ததும் பரீட்சை. ஜாடி இருக்கும் இடத்தில் உடைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு காபி கப்பை இதே மாதிரி கட்டி, பெட்டியைக் கட்டிலிலிருந்து தரையில் தள்ளுங்கள். கப் பிழைத்தால் ஜாடியும் பிழைக்க வழியுண்டு.

உடைந்தே விட்டால்?

பெரிய வித்வான்களுக்கே இந்தக் கதி வந்திருக்கிறது. 2018-ல் டில்லியிலிருந்து நியூயார்க் போன சிதார் கலைஞர் சுபேந்திர ராவின் சிதார் உடைந்தே போய்ச் சேர்ந்தது.

வெளிநாட்டுப் பயணங்களுக்கு 1999-ம் வருஷத்து மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. செக்-இன் பெட்டி சேதமானால், பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருமுன்பே லக்கேஜ் கவுன்ட்டரில் பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நஷ்ட ஈட்டுக்கு உச்சவரம்பு, இந்திய மதிப்பில் சுமார் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல். ஆஹா என்று எழுந்திருக்காதீர்கள். பொருளின் இயல்பினாலேயே வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. “பீங்கான்னா உடையத்தானே சார் செய்யும்?” என்பதைத்தான் அப்படிச் சட்ட பாஷையில் சொல்வார்கள். கவுன்ட்டரில் ‘பொறுப்பில்லை’ என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்டால், படித்துவிட்டுப் போடுங்கள்.

அப்படியே பணம் வந்தாலும், பாட்டி கை பட்ட ஜாடி எந்தக் கடையில் கிடைக்கும்?

பெரிய ஜாடி

போன மாசம் மறுபடி சிங்கப்பூர். அம்மா ஜாடியைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தாள். “பாத்துக் கொண்டு போ” என்றுகூடச் சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நான் கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எழுந்து போய், தன் பழைய நூல் புடவை ஒன்றைக் கொண்டுவந்து, “இதையும் ஒரு சுத்து சுத்து” என்றாள்.

சிங்கப்பூரில் பெட்டி பெல்ட்டில் வந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம். ஒரு மூலை உள்ளே போயிருந்தது. எனக்கு வயிறு கலங்கிற்று. அக்கா வீட்டுக்குப் போய்த்தான் பிரித்தேன். புடவை, பபிள், பேப்பர், பனியன்...

ஜாடி முழுசாக இருந்தது!

அக்கா அதைத் தட்டிப் பார்த்தாள். ‘டங்’கென்றது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். உடனே அம்மாவுக்கு போன் போட்டுக் கொடுத்தாள்.

“வந்துடுச்சும்மா. நல்லா இருக்கு!”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் வந்தது: “அந்தப் புடவையைப் பத்திரமா திருப்பிக் கொண்டு வா!”