கூட்டாளியிடம் கணக்குக் கேட்கலாமா?

1906-ம் ஆண்டு, அக்டோபர் 22-ந் தேதி. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது! சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை அங்கே போட்டவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள்.

லண்டனில் இருந்த கூட்டாளி மக்பேடியன், ஊக வியாபாரத்தில் பெரும் பணத்தை இழந்தார். அதே மாதம் உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னைக் கம்பெனியும் சேர்ந்து மூழ்கியது. இங்கிருந்த கூட்டாளி சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. பணத்தை இழந்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர், 1907-ல் இந்தியன் வங்கி தோன்ற முன்நின்றார்.

"கூட்டாளி ஆயிற்றே, அவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது?" என்று தயங்குகிறவர்கள் இன்றும் உண்டு. தயக்கம் வேண்டாம்.

1932-ம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் என்ன சொல்கிறது? கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் நேர்மையாக நடக்க வேண்டும். உண்மைக் கணக்கைக் காட்ட வேண்டும். தொழில் விவரம் எதையும் மறைக்கக் கூடாது. ஒருவர் மோசடி செய்து நஷ்டம் வந்தால், அதை அவரே ஈடுகட்ட வேண்டும்.

தியாகராயநகரில் இருவர் கூட்டாக ஜவுளிக்கடை நடத்துவதாக வைத்துக்கொள்வோம். சரக்கு வாங்கும்போது ஒருவர் ரகசியமாகக் கமிஷன் பெறுகிறார். அந்தப் பணம் கடைக்கே சேர வேண்டும்.

கணக்குக் கேட்காமலே இருந்தால்? கடையின் கடன் முழுவதையும் ஒரே கூட்டாளியிடம்கூட வசூலிக்கலாம். அவருடைய சொந்த வீட்டுக்கும் ஆபத்து! "எனக்கு எதுவும் தெரியாது" என்றால் தப்ப முடியாது.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. ஆகவே, கணக்குப் புத்தகத்தை அடிக்கடி பாருங்கள். நட்பும் நிலைக்கும், கடையும் நிலைக்கும்.